கொழும்பில் ஒரு பயிலரங்குக்கு கிரெடிட் வாங்கிய கதை

கொழும்பில் மருத்துவ விரிவுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1887இல் தொடங்கிய இலங்கை மருத்துவச் சங்கம் விஜேராம மாவத்தையில் இருக்கிறது. அது போக ஒவ்வொரு துறை நிபுணர்களுக்கும் 'கல்லூரி' என்ற பெயரில் ஒரு சங்கம். வார இறுதியில் எங்காவது ஒரு மண்டபத்தில் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். எங்கள் சிறிய நீரிழிவு அமைப்புக்கு ஆசை கொஞ்சம் கூட. பாதப் பராமரிப்புப் பயிலரங்குக்கு வரும் டொக்டர், தாதியர், மருந்தாளர் எல்லோருக்கும் வெளிநாட்டு அங்கீகாரமுள்ள கிரெடிட், அதாவது தொழிலில் இருந்துகொண்டே தொடர்ந்து படித்ததற்கான புள்ளி, கிடைக்க வேண்டும்.

அங்கீகாரத்தை நாங்களே எடுப்பது நடக்கிற காரியமில்லை. அமெரிக்க முறையில் இதற்கு ஒரு வழி உண்டு: ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தலாம். மருத்துவர், தாதியர், மருந்தாளர் கல்விக்கான அங்கு இயங்கும் மூன்று அங்கீகார அமைப்புகள் 2009இல் கூட்டு அங்கீகாரத்தைக் கொண்டுவந்தன. அதைப் பெற்ற ஒரு பங்காளி கிடைத்தால் மூன்று வாசலுக்கு அலைய வேண்டியதில்லை. பொறுப்பு முழுக்க அந்தப் பங்காளியின் தலையில். அதனால் கேள்விகளும் அங்கிருந்துதான் வரும், வந்துகொண்டே இருந்தன.

நாங்கள் அனுப்பிய தலைப்புப் பட்டியலை அவர்கள் பார்க்கவே இல்லை. "உங்கள் கிளினிக்கில் எது நடக்காமல் இருக்கிறது, ஏன் நடக்கவில்லை, அதை எழுதுங்கள்" என்றார்கள். திட்டமிடும் குழுவில் தாதியரும் மருந்தாளரும் இருந்தாக வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. சரி என்று ஒரு வார்ட் சிஸ்டரைக் கூப்பிட்டோம். அவர் சொன்னது: "சேர், காலைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வரிசை வாசல் வரைக்கும் நிற்கும்போது யார் சப்பாத்தைக் கழற்றச் சொல்வது? அந்த நைலோன் நூலும் லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கிறது."

அவர் சொன்ன நூல், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மொனோபிலமென்ட். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் அது வளையும் வரை அழுத்தி, "படுகிறதா?" என்று கேட்க வேண்டும். உணரவில்லை என்றால் அந்தக் காலுக்கு ஆபத்து இருக்கிறது. புதிய அன்ரிபயோட்டிக் பற்றிய விரிவுரையைத் தூக்கிவிட்டு அந்த நேரத்தைக் கைப்பயிற்சிக்குக் கொடுத்தோம். பேச இருந்தவருக்கு முகம் சுருங்கியது, என்ன செய்வது.

அப்புறம் படிவங்கள். பேசுபவர், திட்டமிடுபவர் எல்லோரும் கடந்த 24 மாதங்களில் மருந்து, உபகரணக் கம்பனிகளோடு இருந்த பணத் தொடர்பை எழுதித் தர வேண்டும். "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று மூத்த டொக்டர் ஒருவர் கோபித்துக்கொண்டார். தொடர்பு இருப்பது குற்றமில்லை, இருந்தால் ஸ்லைட்டை இன்னொருவர் பார்ப்பார், அவ்வளவுதான் என்று விளக்கி, நான் நிரப்பியதையும் காட்டிய பிறகுதான் பேனையை எடுத்தார்.

அனுசரணை விஷயத்தில்தான் உண்மையான இழுபறி. 2022 முதல் நடைமுறையில் உள்ள, பங்காளி பின்பற்ற வேண்டிய அமெரிக்க விதிகள் கறாரானவை. எழுத்து ஒப்பந்தம் நிகழ்ச்சிக்கு முன்பே இருக்க வேண்டும். நன்றி சொல்லும்போது கம்பனியின் பெயர் வரலாம், லோகோ வரக்கூடாது. வகுப்பு நடக்கும் இடத்தில் அதற்கு முன்னும் பின்னும் 30 நிமிடம் விளம்பரமோ ஸ்டாலோ ஆகாது. வந்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவரவர் சம்மதமில்லாமல் கம்பனிக்குப் போகக்கூடாது. கடைசி நிபந்தனைதான் ரெப்மாருக்கு, அதாவது கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு, பிடிக்கவில்லை. வரவுப் பதிவைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போவது இங்கே பழக்கம். ஒரு கம்பனி நாசூக்காக விலகிக்கொண்டது. ஹோட்டல் புஃபே போய்ச் சோற்றுப் பார்சல் வந்தது. பார்சலைக் குறை சொன்னவர்கள் இருந்தார்கள், ஆனால் மண்டப வாசலில் கம்பனிகள் கொடுக்கும் இலவசப் பையை வாங்கும் நெரிசல் இல்லாததே எனக்குப் பெரிய நிம்மதி.

தேநீர் இடைவேளைக்கும் சாப்பாட்டுக்கும் கிரெடிட் கிடையாது. டொக்டர்மார் தாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு மட்டுமே கேட்கலாம். பாதியில் எழுந்து போய் முழுக் கிரெடிட் கேட்டவரிடம் இதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இந்தச் சான்றிதழோடு வெளிநாட்டில் வேலை செய்யலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். முடியாது, கிரெடிட் வேறு, அங்கே தொழில் செய்வதற்கான பதிவு வேறு.

இதில் இறங்க நினைப்பவர்கள், பங்காளியோடு கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்கள் அனுசரணையாளர்களைக் கூப்பிட்டு இந்த விதிகளை வாசித்துக் காட்டிவிடுங்கள். எவ்வளவு பணம் மிஞ்சும் என்று அப்போதே தெரிந்துவிடும்.