பட்டியலின் கடைசி வரி

இன்று காலை ஆராதனையில் 1 தீமோத்தேயு 3 வாசித்தார்கள். எபேசு நகரில் இருந்த தீமோத்தேயுவுக்கு எழுதிய, பைபிளில் உள்ள கடிதம் அது. கண்காணியாக, அதாவது சபையை நடத்துபவராக, இருப்பவர் ‘அடிக்கிறவனாய்’ இருக்கக் கூடாது என்ற இடத்தில், பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எபேசு சபைக்கு அதை எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது!

குடிகாரராக இருக்கக் கூடாது. பண ஆசை, சண்டைக் குணம் ஆகாது. விருந்தோம்ப வேண்டும். பிள்ளைகள் சொன்ன பேச்சு கேட்க வேண்டும். கிரேத்தா தீவில் இருந்த தீத்துவுக்கு எழுதிய கடிதத்திலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

அற்புதம் செய்வாரா என்று ஒரு வரியும் இல்லை. போதிக்கத் தெரிந்தால் சரி.

விருந்தோம்பல் சும்மா மரியாதைக்குச் சேர்த்ததல்ல. அன்று தேவாலயக் கட்டடம் ஏது? கூடியதெல்லாம் வீடுகளில்தான். ஊர் ஊராய்ப் போகும் போதகர்களுக்கும் யாராவது கதவைத் திறக்க வேண்டும். அதிலும் ஏமாற்றுக்காரர்கள் இருந்தார்கள் போல. மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது ‘திதாகே’ என்ற பழைய கையேடு.

எனக்குப் பிடித்தது கடைசி நிபந்தனை. சபைக்கு வெளியே உள்ளவர்களிடமும் அவருக்கு நல்ல பெயர் இருக்க வேண்டும். அதாவது, எபேசு ஊர்த் தெய்வமான அர்த்தமியின் கோயிலுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தாலும் தேற வேண்டும்.

எங்கள் கமிட்டித் தேர்தலில் இதை யாரும் விசாரிப்பதில்லை.