அண்ணாச்சி கடையில் எதை நம்பலாம், எதில் ஏமாறலாம்

பலசரக்குக் கடையில் கையால் ஒடித்து, கடித்து, கசக்கிப் பார்க்க முடிகிற சரக்கு பெரும்பாலும் ஏமாற்றாது. அரைத்தும் ஆட்டியும் பொட்டலம் போட்டும் வருகிறதில்தான் வேலை நடக்கும். திருநெல்வேலி டவுனோ பாளையங்கோட்டையோ, அம்பையோ சங்கரன்கோவிலோ, எந்த அண்ணாச்சி கடைக்கும் இது பொருந்தும்.

கருப்பட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிற நல்ல சரக்கும் மோசமான சரக்கும் அதுதான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் பார்க்கிற கருப்பட்டி வட்டெல்லாம் உடன்குடி வட்டாகிவிட்டது. பதநீர் மாசி, பங்குனியில் இறங்கத் தொடங்கி ஆடி, ஆவணியோடு ஓய்ந்துவிடும். புதுக் கருப்பட்டி வாங்கத் தோதான மாதம் சித்திரையும் வைகாசியும். கார்த்திகை மழையில் ஒருவர் "நேத்துக் காய்ச்சினது" என்று நீட்டினால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

வட்டின் மேற்புறத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. "அண்ணாச்சி, ஒண்ண உடைச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். எடைக்கல்லால் ஒரு தட்டு போதும். உடைந்த இடம் கருந்தவிட்டு நிறத்தில், மங்கலாக, அங்கங்கே சிறு துளைகளோடு இருந்தால் எடுக்கலாம். வாசல் வெளிச்சத்தில் திருப்பும்போது கண்ணாடித் தூள் மாதிரி பொடிப்பொடியாக மின்னினால் சீனி சேர்ந்திருக்கிறது. சீனி கலந்த வட்டு வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும், உடைக்க அதிகம் முரண்டு பிடிக்கும். ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் இனிப்பு அடங்கும்போது லேசான கரிப்பு வர வேண்டும். வெறும் தித்திப்பாகவே முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் கருப்பட்டி கசிவதைக் கண்டு கெட்டுப்போனதாக நினைக்கிறவர்கள் உண்டு. நல்ல கருப்பட்டிக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு, அவ்வளவுதான். ஐப்பசி அடைமழையிலும் கல்லாக நிற்கிற வட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஓலைப் பெட்டியில் போட்டு அடுப்புச் சூடு படுகிற உயரத்தில் வைத்தால் கசிவு குறையும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

கரைத்தால் அடியில் வெள்ளை வண்டல் தங்கும். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு அது. வடிகட்டாமல் போடுவதுதான் தப்பு. இரண்டு பேருக்குக் காப்பி என்றால் 300 மில்லி தண்ணீரில் 40 கிராம் கருப்பட்டியும் தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டும் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அப்புறம் காப்பித் தூள். பால் சேர்ப்பதானால் தனியாகக் காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள். கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்து போக வாய்ப்பு அதிகம். பொடித்துப் பாக்கெட்டில் வருகிற கருப்பட்டித் தூள் எவ்வளவு அழகான உறையில் வந்தாலும் வேண்டாம். உடைத்துப் பார்க்கிற ஒரே வசதியும் அதில் போய்விடுகிறது.

உளுந்தில் நம் பக்கத்துப் பெருமை தொலி உளுந்து. கறுப்புத் தொலியோடு உடைத்த பருப்பு, மங்கலாக, கையில் எடுத்தால் மாவு ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். பளபளவென்று மின்னினால் எண்ணெய் பூசி மெருகேற்றியது. இந்தத் தொலி உளுந்தில்தான் உளுந்தம்பருப்புச் சோறு சரியாக வரும்: அரிசி ஒரு கப், வாசம் வர வறுத்த உளுந்து அரை கப், பூண்டு பத்துப் பல், வெந்தயம் அரைக் கரண்டி, துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி, தண்ணீர் மூன்றரை கப், உப்பு. குக்கரில் நான்கு விசில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். தொலி நீக்கிய வெள்ளை உளுந்தில் செய்தால் அது பொங்கலுக்கும் சோற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகிவிடும்.

மாவுக்கு வெள்ளை முழு உளுந்து வாங்கும்போது எப்போது வந்த சரக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். புது உளுந்து நாலுக்கு ஒன்று போதும், பந்தாக எழும்பும். ஒரு வருஷம் கிடந்தது மூன்றுக்கு ஒன்று போட்டாலும் சவசவவென்று இருக்கும். இட்லி அரிசியில் அம்பை பதினாறு என்று பெயர் சொல்லி விற்கிற கடை கிடைத்தால் விடாதீர்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம், குட்டையும் தடிப்புமான அரிசி. பெயரே இல்லாமல் "இட்லி அரிசி" என்று மட்டும் எழுதிய சாக்கில் எது கலந்திருக்கிறது என்று அண்ணாச்சிக்கே தெரியாது.

மிளகாய் வத்தலில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நீள சம்பா வத்தல், உருண்டை முண்டு வத்தல் இரண்டும் நம் கடைகளில் இருக்கும். காரத்துக்குச் சம்பா, குழம்பின் நிறத்துக்கும் தடிப்புக்கும் முண்டு. பாதிக்குப் பாதி எடுப்பது நல்லது. எடுத்துக் காதருகே ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும். கலகலக்காமல் தோல் போல வளைந்தால் ஈரம் இருக்கிறது. வத்தல் ஒடியாமல் இருக்கவும் எடை நிற்கவும் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈரம்தான் பின்னால் காம்படியில் கறுப்புப் பூசணமாகிறது. அதனால் நாலைந்தைப் பிய்த்து உள்ளே பாருங்கள். வெளியே செக்கச்செவேல் என்று இருக்கும், உள்ளே சாம்பல் பூத்திருக்கும். வெள்ளை பாய்ந்த வத்தல் கொஞ்சம் இருந்தால் பொறுக்கிப் போடலாம், பத்துக்கு ஒன்றுக்கு மேல் போனால் அந்தச் சாக்கே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் வெயில். ஒரு கிலோ வத்தல் காய்ந்து 900 கிராமுக்குக் கீழே வந்தால் மீதிக்கு நீங்கள் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

மல்லியை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தால் போதும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் மல்லி சிறுத்து, பச்சை கலந்த பழுப்பாக இருக்கும், வாசம் தூக்கும். எலுமிச்சை மஞ்சளில் பளிச்சென்று இருந்து மத்தாப்பு வாடை அடித்தால் கந்தகப் புகை காட்டியது. வீட்டுக் குழம்புத் தூளுக்கு மல்லி ஒரு கிலோ, வத்தல் அரைக் கிலோ, சீரகம் 100 கிராம், மிளகு 50, விரலி மஞ்சள் 50, வெந்தயம் 25, நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. வெந்தயத்தையும் சீரகத்தையும் மட்டும் வெறும் சட்டியில் சூடேற்றி, எல்லாவற்றையும் மில்லில் கொடுத்து அரைத்தால் நான்கு பேர் வீட்டுக்கு மூன்று மாதம் ஓடும். மில்லிலிருந்து வந்த தூளைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் கட்டி தட்டும். செய்தித்தாளில் பரப்பி ஆறவிடுங்கள். இதை விட்டுவிட்டுக் கடையில் வாங்கும் மிளகாய்த்தூள் பாக்கெட்டில் நிறம் இருக்கும், வாசம் இருக்காது.

நல்லெண்ணெய்க்கு ஒரு கணக்கு சொல்லுகிறேன். மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ எள் வேண்டும். அண்ணாச்சி கடையிலேயே எள் கிலோ என்ன விலை என்று கேட்டு இரண்டரையால் பெருக்குங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து ஆட்டுகூலியைச் சேர்த்தாலும், அந்தத் தொகையைவிட வெகுவாகக் குறைந்த விலைக்குச் "செக்கு எண்ணெய்" விற்றால் உள்ளே வேறு எண்ணெய் இருக்கிறது. எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிற வழக்கம் உண்டு, அதனால் அடியில் கொஞ்சம் மண்டி தங்குவது குற்றமில்லை. இன்னொரு தொல்லை: விளக்குக்கான தீப எண்ணெய் பாட்டிலை நல்லெண்ணெய் வரிசையிலேயே அடுக்கிவிடுகிறார்கள். பாட்டிலின் அளவும் நிறமும் ஒன்றுபோல இருக்கும். சமையலுக்கல்ல என்ற வரி பின்பக்கம் கடுகு எழுத்தில்.

பெயர் தெரியாத பொட்டலத்தில் தொங்குகிற நல்ல சரக்கு மிதுக்க வத்தல். மழைக்குப் பிறகு கரிசலில் தானாகப் படர்கிற கொடியின் காய், உப்பில் ஊறவைத்துக் காயப்போட்டது. மண் இருக்கும், அதனால் பொரிக்குமுன் நன்றாகப் புடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். புகைகிற எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். உப்பு தூக்கலாக இருப்பதால் ரசத்துக்கும் மோர்ச்சோற்றுக்கும்தான் சரி.

அப்பளத்தில் கல்லிடைக்குறிச்சி என்று அட்டையில் இருப்பதைவிட, பொருள் வரிசையில் முதலில் உளுந்து இருக்கிறதா என்று பாருங்கள். மைதா முதலில் வந்தால், பொரித்த கொஞ்ச நேரத்தில் தொய்ந்து எண்ணெயைக் குடித்துவிடும். பொரிக்காத அப்பளம் வளைய வேண்டும், முறிந்தால் பழசு.

புளி மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை, மாசி, பங்குனியில். கொட்டைப் புளி மலிவாகத் தெரியும், ஆனால் கொட்டையும் நாரும் போகக் கிலோவுக்கு 600 கிராம் சதை தேறினால் அதிகம். கொட்டை எடுத்த புளியின் விலையோடு அந்தக் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் வெயிலில் போட்டு, கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல் உப்புத் தூவி, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அமுக்கி வையுங்கள். அலுமினியத்திலும் பித்தளையிலும் வேண்டாம், புளி அரித்துவிடும். ஈரக்கை படாமல் இருந்தால் அடுத்த மாசி வரை தாங்கும்.