ராபர்ட் மோரிஸின் கணக்கை எழுதிப் பார்க்கிறேன்: சிறை வரை வந்தாயிற்று

அமெரிக்கப் புரட்சிக்குப் பணம் புரட்டிக் கொடுத்தவர் என்று ராபர்ட் மோரிஸை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது, யார் பேரில் கடன், திருப்பித் தராவிட்டால் யார் கழுத்துக்குக் கத்தி என்றெல்லாம் வரி வரியாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதனால் பழைய மளிகைக் கடைகளில் இருக்குமே, சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு, அதில் ஒன்றை வாங்கி, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று கோடு போட்டு, மையில் தொட்டெழுதும் பேனாவால் அவர் வாழ்க்கையைப் பேரேடாகவே எழுதிக்கொண்டு வருகிறேன். தொகை உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும்தான் எண் போடுகிறேன், மற்ற வரிகளில் விவரம் மட்டும்.

ஆரம்பப் பக்கங்கள் மளமளவென்று ஓடின. 1734-ல் லிவர்பூலில் பிறப்பு, 13 வயதில் கடல் தாண்டி மேரிலாந்தின் ஆக்ஸ்போர்டு துறைமுகத்துக்கு வருகிறார், அங்கே அப்பா புகையிலை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடும் முகவர். 1750-ல் ஒரு கப்பலிலிருந்து அந்த அப்பாவுக்கு மரியாதையாகப் பீரங்கி வெடித்தபோது, குழாயில் அடைத்திருந்த பொதி பறந்து வந்து தாக்க, அந்தக் காயத்திலேயே இறந்துபோகிறார். பையன் அதற்குள் பிலடெல்பியாவில் வில்லிங் குடும்பத்துக் கடையில் தொழில் பழக வந்துவிட்டான். 1757-ல், 23 வயதில், தாமஸ் வில்லிங்குடன் பங்காளி.

இந்த இடத்தில் எழுத முடியாமல் நின்றேன். 1760-களில் அந்தக் கடை ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து விற்றது. அன்றைய கணக்குப்பிள்ளை அதை மாவு, சர்க்கரை, துணியோடு சேர்த்துச் சரக்குக் கணக்கில்தான் எழுதியிருப்பான். என் கை அதற்கு வரவில்லை. தனிப் பக்கம் ஒதுக்கி, நடந்ததைச் சிவப்பு மையில் எழுதி, தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அவர் பிற்பாடு செய்த எதை வைத்தும் அந்தப் பக்கத்தை நேர்செய்யப் போவதில்லை.

1776-க்கு வந்ததும் நோட்டு சூடுபிடித்தது. பிரிட்டனைவிட்டுப் பிரிய இது நேரமல்ல என்பது மோரிஸின் கருத்து, ஆகவே காலனிகளின் பொதுப் பேரவையான காங்கிரஸில் ஜூலை 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் அவரும் இன்னொரு பென்சில்வேனியப் பிரதிநிதி ஜான் டிக்கின்சனும் ஒதுங்கிக்கொள்ள, பென்சில்வேனியா விடுதலைக்கு ஆதரவாக வாக்களித்தது. அப்புறம் ஆகஸ்டில் அந்த விடுதலைப் பிரகடனத்தில் மோரிஸ் கையெழுத்தும் விழுகிறது. டிசம்பரில் எதிரிப் படை நெருங்கியதும் காங்கிரஸ் பிலடெல்பியாவைவிட்டுப் பால்டிமோருக்குப் போய்விட, மோரிஸ் நகரத்திலேயே தங்கிவிட்டார். ஒற்றர்களுக்குக் கொடுக்கக் கையில் ரொக்கம் இல்லை என்று படைத்தளபதி வாஷிங்டன் எழுதினார். ஸ்பானிய வெள்ளி டாலர் 410, கூடவே கொஞ்சம் ஆங்கிலேய, பிரெஞ்சுக் காசுகள் என்று அகப்பட்டதையெல்லாம் ஒரு பையில் போட்டு அனுப்பினார் இவர். இரண்டே நாளில், படையைவிட்டுக் கிளம்ப இருந்த வீரர்களுக்கு ஆளுக்கு 10 டாலர் ஊக்கத்தொகை தர, 50,000 டாலர் காகிதப் பணமும் போய்ச் சேர்ந்தது. இந்தப் பையைப் பற்றி எழுதிய வரிதான் இதுவரை நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

1781-ல் மோரிஸ் காங்கிரஸின் நிதிக் கண்காணிப்பாளர். காங்கிரஸ் அச்சடித்த பணத்தை அதற்கு முந்தைய வருஷமே 40 காகித டாலருக்கு 1 வெள்ளி டாலர் என்று அவர்களே குறைத்திருந்தார்கள், கடைக்காரன் அதைக் கையால் தொடமாட்டான். பிரிட்டிஷாரை முற்றுகையிட யார்க்டவுனுக்கு நடந்துகொண்டிருந்த வடக்குப் படை, சம்பளம் தராமல் நகரமாட்டோம் என்று முறுக்கியபோது, பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் 20,000 டாலர் நாணயமாகக் கைமாற்று வாங்கிக் கொடுத்தார். பிரான்ஸிலிருந்து பாஸ்டனுக்குக் கப்பலில் வந்த வெள்ளியை மாட்டு வண்டிகளில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவரச் செய்தார். 1782 ஜனவரியில் வட அமெரிக்க வங்கி திறந்தபோது அரசு போட்ட மூலதனம் அந்த வெள்ளியிலிருந்து வந்ததுதான்.

அதெல்லாம் போதாமல், பிற்பாடு பணம் தருவதாக உறுதி சொல்லும் சீட்டுகளைத் தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். மோரிஸ் நோட்டு என்றே பெயர். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? கடன் பட்டது நாடு, ஆனால் சீட்டை வாங்கியவன் நம்பியது இந்த வியாபாரியின் கையெழுத்தை. ஆகவே பற்று, வரவு இரண்டுக்கும் பக்கத்தில் ‘பிணை’ என்று மூன்றாவதாக ஒரு பத்தி கிழித்தேன். அதற்குப் பிறகுதான் இந்த மனிதர் எனக்குப் பிடிபட்டார். 1783-ல் படையைக் கலைத்து அனுப்பும்போது வீரர்களுக்கு மூன்று மாதச் சம்பளத்தை இந்தச் சீட்டுகளாகக் கொடுக்க முடிவாகி, ஒவ்வொன்றிலும் அவரே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க, அவர் சுருக்கிப் போடுவது போலவே, பெயரின் கடைசி எழுத்தை மேலே தூக்கி எழுதி, ஒரு தாள் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். மூன்று கையெழுத்துக்கு ஒரு தரம் மை தொட வேண்டும், உலர்வதற்குள் கை பட்டால் இழுசிக்கொள்கிறது, ஒரு தாளுக்கே கட்டைவிரல் வலி எடுத்துவிட்டது. அவர் போட வேண்டியிருந்தது ஆயிரக்கணக்கில். போட்டு முடிப்பதற்குள் பல வீரர்கள் வெறுங்கையோடு ஊருக்கு நடந்துவிட்டார்கள்.

விடுதலைப் பிரகடனம், அரசியலமைப்புக்கு முன்பு மாநிலங்களைக் கட்டிவைத்த கூட்டமைப்பு விதிகள், அரசியலமைப்பு ஆகிய மூன்றிலும் கையெழுத்திட்டவர்கள் இவரும் ரோஜர் ஷெர்மனும் மட்டும்தான். 1789 முதல் 1795 வரை செனட்டர். அந்தப் பக்கங்களில் பெரிதாக எழுத ஒன்றுமில்லை.

நில வியாபாரம் வந்த பிறகு நோட்டு இருட்டிவிட்டது. ஜான் நிக்கல்சன், ஜேம்ஸ் கிரீன்லீஃப் என்ற இரு நில வியாபாரிகளோடும் சேர்ந்து 1795-ல் வட அமெரிக்க நிலக் கம்பெனி, சுமார் 60 லட்சம் ஏக்கர். வாங்கியது பெரும்பாலும் கடனில். ஐரோப்பாவிலிருந்து குடியேறிகள் வந்து வாங்குவார்கள் என்று நம்பினார், அங்கே போர் நடந்துகொண்டிருந்தது, வட்டியும் வரியும் நிற்கவில்லை. அப்போது மோரிஸ் எழுதிய சீட்டுக்குப் பின்னால் நிக்கல்சன் கையெழுத்துப் போட்டார், நிக்கல்சன் சீட்டுக்கு மோரிஸ். என் பிணைப் பத்தியில் 1782-ல் பிரெஞ்சு வெள்ளியும் நகரத்து வியாபாரிகளும் வங்கியும் நிற்கிறார்கள். 1795-ல் இந்த இரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப எதிரெதிரே வருகின்றன. பேராசைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். தன் கையெழுத்து போதும் என்ற நம்பிக்கை போர்க்காலத்தில் அவருக்குப் பலித்திருந்தது, அதே நம்பிக்கையோடுதான் நிலத்திலும் இறங்கினார்.

1798 பிப்ரவரியில் கடனாளிகளை அடைக்கும் ப்ரூன் தெருச் சிறைக்குப் போனார். அந்த வருஷம் வாஷிங்டன் அங்கேயே வந்து அவரோடு சாப்பிட்டார். 1801 ஆகஸ்டில் விடுதலை, 1800-ல் வந்த திவால் சட்டத்தின் புண்ணியத்தில். அப்போது கடன் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர்.

நிக்கல்சனோடு மாறி மாறிப் போட்ட சீட்டுகளுக்கு இனி ஒரு துணைப் பேரேடு போட வேண்டும், பிரதானப் பேரேட்டில் அடங்கவில்லை. 1784-ல் ஜின்செங் வேர் ஏற்றி காண்டனுக்குப் போன ‘சீன மகாராணி’ கப்பலில் அவர் போட்ட பங்கையும் இன்னும் ஏற்றவில்லை. அதை முடித்துவிட்டு அவர் இறந்த 1806 வரை இழுத்து இருப்புக் கட்டலாம் என்றிருக்கிறேன். சிவப்பு மை தீர்ந்துவிட்டது, முதலில் அதை வாங்க வேண்டும்.