எங்கள் வளர்ப்புதான் காரணமா?

மனநலப் பிரிவில் உளவியலாளராக இருப்பவரை இந்தக் கேள்வி விடாது. மகனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று டாக்டர் சொன்னதும் பெற்றோரை என்னிடம் அனுப்புவார்கள். மாத்திரை, படிப்பு, வேலை, கல்யாணம் என எல்லாம் பேசி எழுந்த பிறகு, அம்மா மட்டும் கதவருகே தயங்கி நிற்பார். "நாங்கள் வளர்த்த விதத்தால்தான் இப்படி ஆனதா?"

இந்தக் குற்ற உணர்வை வளர்த்ததில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. பாசத்தை மறுத்து ஒதுக்கும் தாய்தான் இந்த நோயை உண்டாக்குகிறாள் என்ற கருத்தை 1948இல் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் முன்வைத்தார். 1956இல் மானுடவியலாளர் கிரகரி பேட்சன் குழுவினர் 'இரட்டைப் பிணைப்பு' கோட்பாட்டை வெளியிட்டார்கள். அதில் ஒரு காட்சி வரும். மருத்துவமனைக்குப் பார்க்க வந்த தாயின் தோளில் மகன் கை போடுகிறான். அவள் உடல் விறைக்கிறது. கையை எடுக்கிறான்; "என்மேல் பாசமே இல்லையா?" என்கிறாள். எப்படி நடந்தாலும் அவனுக்குத் தப்பு. படிக்கும்போது உடனே நம்பத்தான் தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட பேச்சு நோய் எட்டிப் பார்க்காத வீடுகளிலும் தாராளமாக உண்டு. பிள்ளையின் நோயோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒரு தாயின் உடல் ஏன் விறைக்கிறது என்று அவளைக் கேட்டவர்களும் குறைவு. பின்னர் வந்த ஆய்வுகள் இந்தக் கோட்பாட்டுக்குக் கைகொடுக்கவில்லை. பாடப்புத்தகங்களில் மட்டும் அது இன்னும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு மதிப்பு உள்ளது சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய வேலைமீது. 1950களில் லண்டனில், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை அவர் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, உடன்பிறந்தவர்களிடமோ வாடகை அறைக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள். இது அன்று யாரும் எதிர்பாராத முடிவு. இதிலிருந்துதான் குடும்பத்தாரைப் பேசவிட்டுப் பதிவு செய்து, குரலின் தொனியை அளக்கும் முறை பிறந்தது. "மத்தியானம் வரை தூங்குகிறான்" என்பதைத் தகவலாகவும் சொல்லலாம், வசையாகவும் சொல்லலாம்; சொற்கள் ஒன்றுதான். வசை, பகை, அளவு மீறிய அரவணைப்பு ஆகியவை மிகுந்த வீடுகளில் ஒன்பது மாதங்களுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது என்றும், மற்ற வீடுகளில் அது மிகக் குறைவு என்றும் 1976இல் வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள்.

இது நோய் திரும்புவதைப் பற்றிய கண்டுபிடிப்பு. நோய் தோன்றுவதைப் பற்றியது அல்ல. இதை எவ்வளவு பொறுமையாக விளக்கினாலும், எதிரே கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் அப்பாவின் காதில் "அப்படியானால் எங்களால்தான்" என்றே விழுகிறது.

நோயாளிக்குப் பயன்படுகிற விளக்கம் வேறு வகையானது. நம் எண்ணம் நம்முடையதுதான் என்று மூளை தானாகக் குறித்துக்கொள்கிறது; அந்தக் குறிப்பு தவறும்போது சொந்த எண்ணமே அந்நியக் குரலாகக் கேட்கிறது என்கிறார் மூளை ஆய்வாளர் கிறிஸ் ஃப்ரித். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு வராது அல்லவா? அது நம் கைதான் என்று மூளை குறித்துக்கொள்வதுதான் காரணம். குரல் கேட்கும் நோயாளிகளுக்குத் தன் கை பட்டாலும் பிறர் கை பட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு உறைக்கிறது என்று 2000இல் ஒரு சோதனை காட்டியது. இதை ஓர் இளைஞனிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "நான் சத்தமாகப் படித்தால் அவன் வாயை மூடிக்கொள்கிறான்" என்றான். அதற்கு முன்புவரை அந்தக் குரலைப் பற்றிப் பேசவே மறுத்தவன் அவன்.

அவசர முடிவுக்குத் தாவுவதை அளக்கும் மணிச் சோதனையும் உண்டு. ஒரு ஜாடியில் 85 சிவப்பு மணி, 15 நீல மணி; மற்றொன்றில் தலைகீழ். ஒரே ஜாடியிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் காட்டுவார்கள்; அது எந்த ஜாடி என்று சொல்ல வேண்டும். வீண்சந்தேகம் பிடித்த பலர் ஓரிரு மணிகளிலேயே சொல்லிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால், அடுத்தடுத்து இரண்டு சிவப்பு வந்தாலே ஏறத்தாழ 97 சதவீதம் உறுதி. தேவைக்குமேல் தயங்குவது நாமாகவும் இருக்கலாம்!

எல்லாப் பெற்றோரிடமும் "உங்கள் தவறு இல்லை" என்று சொல்லும் வழக்கம்தான் எனக்கு உறுத்தல். பெரும்பாலானோருக்கு அது உண்மை. மரபணு ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்புகூட அதிகம் போனால் பாதிதான். மீதிக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனால் சிறுவயதில் அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு போன்றவற்றுக்கு ஆளானவர்களுக்கு மனநோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவந்தது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பெண்ணை அருகில் வைத்துக்கொண்டு, அவளை அடித்தவரிடமே "யாருடைய தவறும் இல்லை" என்று நான் சொன்னால், அவள் என்னிடம் பிறகு எதைச் சொல்வாள்?

அதனால் இப்போதெல்லாம் நோயாளியைத் தனியே பார்த்துப் பேசாமல் குடும்பத்துக்கு நான் ஆறுதல் சொல்வதில்லை. அவரிடம் முதல் நாளே எதையும் கிளறுவதும் இல்லை. "வீட்டில் யாரிடமாவது பயம் உண்டா?" என்று மட்டும் கேட்பேன். பலர் இல்லை என்பார்கள். அவர்களின் அம்மாவைக் கூப்பிட்டு, கதவருகே நின்று கேட்ட கேள்விக்குத் தெளிவாக, இல்லை என்று பதில் சொல்லிவிடுவேன். மற்றவர்களின் பெற்றோர் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.