ரியோ இலைத் தோலும் பிளாஸ்மா சிதைவும்: செய்முறைத் தேர்வில் கவனிக்க வேண்டியவை

மேல்நிலைத் தாவரவியல் செய்முறையில் ரியோ (இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் அலங்காரச் செடி) இலைத் தோல் வந்தால் மாணவர்கள் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். தோலை உரித்து, சர்க்கரைக் கரைசலில் போட்டு, சுருங்கிய செல்களை எண்ணினால் போதும் என்று எண்ணம். நீரை இழந்த செல்லின் உட்பகுதி சுருங்கி, சவ்வு செல் சுவரிலிருந்து விலகுவதே பிளாஸ்மா சிதைவு. செல் சவ்வு எதை உள்ளே விடுகிறது, எதைத் தடுக்கிறது என்று கண்ணுக்கு நேராகக் காட்டும் அருமையான பரிசோதனை இது. ஆனால் சிறு கவனக்குறைவும் முடிவையே மாற்றிவிடும்.

கரைசலிலிருந்தே தொடங்குவோம். 1 மோலார் சுக்ரோஸ் 100 மி.லி. வேண்டுமென்றால் 34.2 கிராம் எடுத்து, சுமார் 60 மி.லி. வாலைவடிநீரில் முழுக்கக் கரைத்து, அதன்பிறகு 100 மி.லி. கோடு வரை நீர் சேர்க்க வேண்டும். பலர் 34.2 கிராமை அப்படியே 100 மி.லி. நீரில் கொட்டிவிடுகிறார்கள். சர்க்கரையும் இடம் பிடிக்கும் என்பதால் மொத்த அளவு 120 மி.லி.யைத் தாண்டும், செறிவு 0.83 மோலார் அளவுக்கு இறங்கிவிடும். அதிலிருந்து தயாரிக்கும் எல்லாக் கரைசல்களிலும் இதே பிழை தொடரும். 0.1 முதல் 0.6 மோலார் வரை ஆறு கரைசல்கள் போதும். 0.2 மோலாருக்கு மூலக்கரைசல் (முதலில் செய்த 1 மோலார் கரைசல்) 2 மி.லி., நீர் 8 மி.லி. என்ற கணக்கில் மற்றவற்றையும் செய்துகொள்ளலாம்.

தோலை இலையின் அடிப்பக்கத்திலிருந்து, எல்லாக் கரைசல்களுக்கும் ஒரே இலையிலிருந்து உரிக்க வேண்டும். வெயிலில் நின்ற இலைக்கும் நிழலில் நின்ற இலைக்கும் செல்சாற்றின் செறிவு ஒன்றாக இருக்காது. பச்சைத் திசு ஒட்டியிருந்தால் செல்கள் தெளிவாகத் தெரியாது, வேறிடத்தில் உரியுங்கள். உரித்த துண்டை நீரில் வைத்திருந்து எடுத்தால், வடிதாளில் ஒற்றிய பிறகே கரைசலில் போட வேண்டும். துண்டு மிதக்காமல் மூழ்கியிருக்க வேண்டும். மூடிய வாட்ச் கிளாஸில் 15 நிமிடம் வைத்தால் போதும். மூடாவிட்டால் நீர் ஆவியாகிச் செறிவு கூடிவிடும்.

அதிக மதிப்பெண்ணை இழக்கும் இடம் அடுத்து வருகிறது. கண்ணாடித் தகட்டில் துண்டை வைத்து, பழக்கத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு மூடிவிடுகிறார்கள். சுருங்கிய செல்கள் சில நிமிடங்களில் நீரை உறிஞ்சி மீண்டுவிடும். எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது. எந்தக் கரைசலில் ஊறியதோ அதே கரைசலின் சொட்டில்தான் துண்டை வைக்க வேண்டும்.

எண்ணும்போது ஒரு பார்வைப் புலத்தில் 50 செல்களையாவது எடுங்கள். ஓரத்தில் கிழிந்து நிறமிழந்த செல்களைச் சேர்க்காதீர்கள். மூலையில் சவ்வு இலேசாக விலகியிருந்தாலும் அது பிளாஸ்மா சிதைவுதான். ஒவ்வொரு கரைசலிலும் சுருங்கிய செல்களின் சதவீதத்தைச் செறிவுக்கு எதிராக வரைபடமாக வரையுங்கள். நன்றாகச் சுருண்டவற்றை மட்டும் எண்ணினால் 50 சதவீதப் புள்ளி செறிவு மிகுந்த பக்கம் நகர்ந்துவிடும். வரைபடத்தில் 50 சதவீதத்துக்கு நேரான செறிவே தொடக்கநிலைப் பிளாஸ்மா சிதைவைக் குறிக்கும். அந்நிலையில் அழுத்தத் திறன் (சுவர் தரும் அழுத்தத்தின் பங்கு) பூஜ்யம் என்பதால் செல்லின் நீரியல் திறனும் (நீர் வெளியேற முனையும் அளவு) கரைபொருள் திறனும் (அதில் கரைபொருளின் பங்கு) சமம். அந்தச் செறிவு 0.25 மோலார், வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் மதிப்பு −(0.25 × 0.0083 × 300), அதாவது சுமார் −0.62 மெகாபாஸ்கல். இதில் 0.0083 என்பது வாயு மாறிலி. கழித்தல் குறியை விட்டாலும், வெப்பநிலையை 300 கெல்வின் என்று மாற்றாமல் 27 என்றே போட்டாலும் விடை தவறு.

வாய்மொழித் தேர்வில் தவறாமல் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி: செல் சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் இடையில் என்ன இருக்கிறது? காற்று, வெற்றிடம் என்றெல்லாம் பதில் வருகிறது. அங்கே இருப்பது வெளியிலுள்ள சுக்ரோஸ் கரைசல். சுவர் நீரையும் சர்க்கரையையும் தடையின்றி விடும். சவ்வு நீரை விடும், சர்க்கரையைத் தடுக்கும். ஊதா நிறமி வாக்குவோலை (செல்லுக்குள் செல்சாறு நிறைந்த பை) விட்டு வெளியேறாமல், நீர் குறையக் குறைய அடர்ந்து தெரிவதும் சவ்வின் வேலைதான். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்ட துண்டை ஒப்பிட்டுப் பாருங்கள்: சவ்வு சிதைந்து நிறம் கசிந்துவிடும், எந்தக் கரைசலிலும் அது சுருங்காது. பதிலில் “அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்கு நீர் சென்றது” என்று எழுதாதீர்கள். எதன் செறிவு என்ற குழப்பம் வரும். நீரியல் திறன் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு என்று எழுதுங்கள்.

நீர் மட்டும் எப்படி இவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று கேட்டால், லிப்பிடு இரட்டை அடுக்கின் வழியே ஓரளவும், அக்வாபோரின் என்னும் புரதக் கால்வாய்கள் வழியே விரைவாகவும் என்று சொல்லுங்கள். இக்கால்வாய்களைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாகாததால் இது செயலற்ற கடத்தலே. புரதம் என்றதும் செயல்மிகு கடத்தல் என்று எழுதிவிடாதீர்கள்.

சுக்ரோஸுக்குப் பதில் யூரியாவைப் பயன்படுத்தினால் என்னவாகும் என்றும் கேட்கலாம். செல்கள் முதலில் சுருங்கும். யூரியா மெல்லச் சவ்வைக் கடந்து உள்ளே போகப் போக நீரும் பின்தொடர்ந்து, அதே கரைசலில் இருந்தபடியே செல்கள் மீண்டுவிடும்.