கரிச்சான் சொல்லும் பொய்

சிங்கராஜ வனத்துக்கு முதல் தடவை போன அன்று, உள்ளே நுழைந்து ஒன்றரை மணி நேரம் வரை நான் கண்ட பறவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத முப்பதுக்கு மேற்பட்ட பறவை இனங்களில் மிகப் பெரும்பாலானவை வாழும் காடு என்று படித்துவிட்டுப் போனவனுக்கு அது பெரிய ஏமாற்றம். மரங்கள் சொட்டின, சில்வண்டுகள் இரைந்தன, அட்டைகள் காலுறை மீது ஏறிக்கொண்டே இருந்தன, பறவையைத்தான் காணவில்லை. நான் கிளை கிளையாகத் தொலைநோக்கியை ஓட்டிக்கொண்டிருக்க, கூட வந்த வழிகாட்டியோ தலையைச் சற்றே சாய்த்தபடி, எதையும் தேடாதவர் போல நடந்தார். ஒரு வளைவில் கையை உயர்த்தி, "பொட்டக் இன்ன" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று பொருள். சற்றுக் கழித்துத்தான் எனக்கும் கேட்டது: தவிட்டுக்குருவிகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு ஓயாமல் வாயாடும் இரைச்சல்.

அடுத்த பத்து நிமிடத்தில் அந்த இடமே நிறைந்துவிட்டது. ஆரஞ்சு நிற அலகு கொண்ட தவிட்டுக்குருவிகள் நடுமட்டத்து இலைகளைப் புரட்டிக்கொண்டு முன்னே வந்தன. அவற்றுக்குக் கீழே, தரையை ஒட்டிய புதரில் சாம்பல்தலைச் சிரிப்பான்கள். எதிர்க் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு தீக்காக்கை. உச்சி இலைக்கூட்டத்தில் வெள்ளை நுனி கொண்ட நீண்ட வால் தெரிந்ததால் மட்டுமே அடையாளம் கண்ட செம்முகப் பூங்குயில். எல்லாவற்றுக்கும் நடுவே, நெற்றியில் சிறு கொண்டையும் ஆழமாகப் பிளந்த வாலும் கொண்ட கரிச்சான் ஒன்று, திறந்த கிளையொன்றில் காவல்காரன் போல அமர்ந்திருந்தது. குறிப்பேட்டில் எழுத எனக்குக் கை போதவில்லை. அப்புறம் கூட்டம் சரிவில் இறங்கிப் போய்விட, காடு மறுபடியும் வெறும் காடானது.

இதைக் கலப்புக் கூட்டம் என்பார்கள். பேராசிரியர் சரத் கொட்டகமவும் அமெரிக்க ஆய்வாளர் ஈபன் குட்டேலும் இந்தக் கூட்டங்களை நெடுநாள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கின்படி ஒரு கூட்டத்தில் சராசரியாக 11 அல்லது 12 இனங்களும் 40 பறவைகளும் இருக்கும். பெரும்பாலான கூட்டங்களில் தவிட்டுக்குருவியும் கரிச்சானும் தவறாமல் இருக்கும். ஆகவே இந்தக் காட்டில் பறவை பார்ப்பது என்பது கூட்டத்துக்குக் காத்திருப்பதுதான். காத்திருப்பதைக் காதால்தான் செய்ய வேண்டும்.

கூட்டத்துக்குள் கரிச்சானின் வேலை என்ன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தவிட்டுக்குருவிகள் இலையைக் கலைக்கும்போது பறந்து தப்பும் பூச்சிகளை அது பாய்ந்து பிடிக்கிறது. மற்றவை தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருக்கையில், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் தனக்கு முதலில் தெரிகிற ஆபத்தைக் கூவி அறிவிக்கிறது. தவிட்டுக்குருவிகளும் எச்சரிக்கும், ஆனால் கரிச்சானின் எச்சரிக்கையே கூடுதல் நம்பகமானது என்பது அந்த ஆய்வின் முடிவு. இதுவரை சரி. விநோதம் இனிமேல்தான்: கரிச்சான் தன் குரலோடு அயல் குரல்களையும் கலக்கிறது. ஆபத்து நேரத்தில் மற்ற இனங்களின் எச்சரிக்கைக் குரலையும் வேட்டைப் பறவைகளின் குரலையும் போலி செய்கிறது. அமைதியான நேரத்தில் கூட்டாளிகளின் சாதாரணக் குரலைப் போலி செய்கிறது. 2006இல் வெளியான ஆய்வொன்றில், போலிக்குரல் கலந்த கரிச்சான் ஒலிப்பதிவைக் காட்டில் ஒலிக்கவிட்டபோது, கலக்காத பதிவுக்கு வந்ததைவிட அதிகப் பறவைகள் தேடி வந்தன. கூட்டம் தானாகச் சேருவதற்குக் காத்திராமல், கரிச்சான் ஆள் கூப்பிடுகிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பொய் என்பது என்னுடைய சொல். ஆய்வாளர்கள் இவ்வளவு கொச்சையாகச் சொல்வதில்லை. வந்து சேர்ந்த பறவைகளுக்கும் காவல் கிடைக்கிறது அல்லவா, அப்படியானால் ஏமாந்தது யார்?

என் தவறொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பயணத்தில், குடாவ நுழைவாயிலுக்குச் சற்று உள்ளே, செம்பவள அலகும் செங்கால்களும் கொண்ட நீல மாக்பை இரண்டு பாதையோரம் இறங்கின. சிங்களத்தில் கெஹிபெல்லா என்று சொல்லப்படும் அந்த அழகுப் பறவையைப் படமெடுக்கும் ஆசையில், வழிகாட்டி இரண்டு முறை தோளைத் தொட்டும் நான் கமராவை விட்டு நிமிரவில்லை. நிமிர்ந்தபோது பாதைக்கு மறுபுறம் கூட்டம் கடந்து முடிந்திருந்தது. கடைசித் தவிட்டுக்குருவியின் வாலைத்தான் பார்த்தேன். படங்களும் அசைந்து போயிருந்தன. மனிதருக்குப் பழகிய மாக்பைகள் எப்படியும் மறுநாள் வரும் என்று அவர் பிறகு சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

காதைத் தீட்டினால் இந்தத் தீவு இன்னமும் புதியதைத் தரும் என்பதற்குச் செரண்டிப் ஆந்தை சாட்சி. இன்னதென்று தெரியாத ஒரு குரலாகத்தான் அது முதலில் 1995இல் பறவை ஆய்வாளர் தீபால் வரக்காகொடவின் கவனத்துக்கு வந்தது. பறவையைக் கண்ணால் காண அவர் 2001 ஜனவரி வரை தேட வேண்டியிருந்தது. காணக் கிடைத்த இடமும் சிங்கராஜவே. 2004இல்தான் அது புதிய இனமாக முறைப்படி விவரிக்கப்பட்டது.

கைப்பேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு அழைப்பவர்களை அந்தப் பாதையில் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய பறவையை இல்லாத எதிரியோடு சண்டைக்கு இழுத்துவிடுவது அது. கரிச்சான் கூப்பிட்டால் வந்தவர்களுக்குக் காவலாவது உண்டு.

கடைசியாகப் போனபோது, திரும்பி வரும் வழியில் தவிட்டுக்குருவிகளின் வாயாடல் மிக அருகில் கேட்டது. இம்முறை நானே முந்திக்கொண்டு கையை உயர்த்தி, "பொட்டக் இன்ன" என்றேன். வழிகாட்டி நிற்கவில்லை, மேலே விரலைக் காட்டிவிட்டு நடந்தார். ஈரக் கிளையில் கரிச்சான் ஒன்று தன்னந்தனியாக உட்கார்ந்து, வாலை ஒருதரம் உதறிவிட்டு, மறுபடியும் தவிட்டுக்குருவி போலக் கத்தியது.