எஸ்ஜி 61: டெயில்பீஸும் நான்கு குமிழ்களும்

2023 செப்டம்பர் 9, சனி

பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இப்போது கையில் இருக்கிறது. வாங்கப்போவது கிப்சன் நிறுவனத்தின் எஸ்ஜி ஸ்டாண்டர்ட் 61 என்ற மின்கிட்டார் என்பதிலும், அதன் நிறம் செர்ரி என்பதிலும் எனக்குக் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் தந்திகளின் பின்முனையைப் பிடித்து நிற்கும் டெயில்பீஸைப் பற்றியதுதான். 2019-இல் கிப்சன் இந்த மாடலை மூன்று வடிவங்களில் கொண்டுவந்தது. ஒன்றில் அசையாத உலோகத் தண்டான ஸ்டாப்பார், இன்னொன்றில் நெளிதகட்டு ஸ்பிரிங்கில் இயங்கும் மேஸ்ட்ரோ வைப்ரோலா (கைப்பிடியை அசைத்தால் தந்திகள் தளர்ந்து இறுகி ஸ்வரம் நடுங்கும் அமைப்பு), மற்றொன்றில் 1961-ஆம் ஆண்டுக் கிட்டார்களில் இருந்ததைப் போலவே கைப்பிடி பக்கவாட்டில் அசையும் சைட்வேஸ் வைப்ரோலா. மேஸ்ட்ரோ பொருத்திய எஸ்ஜியில் ஸ்டாப்பாரின் ஆணிகளுக்கான துளைகள் இருப்பதில்லை என்பதால், பின்னால் மனம் மாறினால் மரத்தைத் துளைத்துத்தான் மாற்ற முடியும். அதனால்தான் இந்த முடிவை அவசரப்பட்டு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாலையில் நடந்து பார்சன்ஸ் தெரு வரைக்கும் போனேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் குடியிருப்பவனுக்கு கிப்சனின் அந்தப் பழைய ஆலையும் அதன் புகைபோக்கியும் பழகிய காட்சிகள்தாம். ஆனாலும் நான் வாங்கப்போகும் கிட்டாரின் மூல வடிவம் பிறந்த கட்டடம் என்ற எண்ணத்தோடு இன்று பார்த்தபோது சற்று நேரம் நின்றுவிட்டேன். 1984-இல் கிப்சன் இங்கிருந்து நாஷ்வில்லுக்கு முழுவதுமாகப் போய்விட்டது. உடன் போக விரும்பாத பணியாளர்கள் சிலர் மறு ஆண்டு ஹெரிடேஜ் நிறுவனத்தைத் தொடங்கி, அதே கட்டடத்தில் இன்றுவரை கிட்டார் செய்கிறார்கள்.

2023 செப்டம்பர் 10, ஞாயிறு

முதலில் சைட்வேஸைப் பற்றி. 1961-இல் இந்த மெல்லிய, இரட்டைக் கொம்பு உடல் வந்தபோது அதற்கு லெஸ் பால் என்ற பெயர்தான் இருந்தது. 1963-இல் அந்தப் பெயர் நீங்கி, எஸ்ஜி என்ற பெயர் நிலைத்தது. அந்த முதல் காலத்துக் கிட்டார்களில் இருந்த வைப்ரோலாவின் கைப்பிடி, மற்ற கிட்டார்களில் இருப்பதுபோல் கீழே அமுக்கப்படுவதில்லை. உடலின் பரப்புக்கு இணையாக உள்ளும் புறமும் தள்ளப்படுகிறது. வெண்ணிற எஸ்ஜி கஸ்டமை மார்பில் அணைத்துக்கொண்டு கிறிஸ்தவப் பக்திப் பாடகி சகோதரி ரொசெட்டா தார்ப் பாடும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் காலத்து உலோக வேலைப்பாட்டின் மீது எனக்கு ஆசை பெருகும்.

ஆசை வேறு, கை வேறு. நேற்றுக் கடையில் அதை வாசித்துப் பார்த்ததில், மீட்டும் கை இயல்பாகப் போகும் திசைக்குக் குறுக்கே கைப்பிடி நகர்வதால் ஒவ்வொரு முறையும் நான் மீட்டலை நிறுத்திவிட்டுத் தள்ள வேண்டியிருந்தது. நான்கைந்து தள்ளலுக்குள் மூன்றாம் தந்தி சுருதி விலகியது. சுருதி நிற்காது என்ற கெட்ட பெயர் இந்த அமைப்புக்கு 1960-களிலேயே உண்டு. கிப்சனும் சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டு மேஸ்ட்ரோவுக்கு மாறியது. எனவே சைட்வேஸைப் பட்டியலிலிருந்து நீக்குகிறேன்.

2023 செப்டம்பர் 16, சனி

இன்று மூன்று மணி நேரத்தை மேஸ்ட்ரோவுக்கும் ஸ்டாப்பாருக்கும் நடுவே கழித்தேன். கூட வந்த தம்பி ஒருவர் நல்ல காது உள்ளவர். சுருதியை முள்ளால் காட்டும் ட்யூனரை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

மேஸ்ட்ரோவின் அழகைச் சொல்லத்தான் வேண்டும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து உடலின் கீழ் விளிம்பு வரை நீளும் நிக்கல் தகடு, அதில் பொறித்த யாழ் உருவம், பின்புறத்தில் வளைந்து எழும் ஒரே ஒரு எஃகுத் தகடு ஆகியவைதான் அது. அந்த வளைவுதான் ஸ்பிரிங். வேறு சுருளோ உருளையோ கிடையாது. கைப்பிடியை விரல் நுனியால் தொட்டாலே ஒலிக்கும் தந்திகள் எல்லாம் மெல்ல நடுங்குகின்றன. 1964-ஆம் ஆண்டு எஸ்ஜியில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வைத்திருந்தது இதைத்தான். இன்னொரு நன்மையும் உண்டு. எஸ்ஜியின் உடல் மெலிது, கழுத்து நீளமாக வெளியே நிற்கிறது. அதனால் பட்டையில் மாட்டியதும் தலைப்பகுதி தரையை நோக்கிச் சாயும். மேஸ்ட்ரோவின் உலோக எடை பின்முனையில் உட்கார்ந்திருப்பதால் அந்தச் சாய்வு கொஞ்சம் குறைவதைத் தோளில் உணர முடிந்தது.

ஆனால் நான் வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் வீட்டில் தம்புரா மீட்டக் கேட்டே வளர்ந்ததால், ஒரு தந்தியைச் சுருதியாக ஒலிக்கவிட்டு, பக்கத்துத் தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைப்பது என் கைக்கு வந்துவிட்ட பழக்கம். மேஸ்ட்ரோவில் இரண்டாம் தந்தியைத் திறந்தபடி ஒலிக்கவிட்டு, மூன்றாம் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டில் (மெட்டில்) ஒரு முழு ஸ்வரம் மேலே இழுத்தேன். காரணம் புரிவதற்கு முன்பே காது கூசியது. தம்பி ட்யூனரைத் திருப்பிக் காட்டினார். நான் தொடவே தொடாத இரண்டாம் தந்தியின் முள், இழுப்பு ஏற ஏற இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போய், விரலைத் தளர்த்தியதும் நடுவுக்குத் திரும்பியது. ஒரு தந்தியில் இழுவிசை கூடும்போது ஸ்பிரிங் கொஞ்சம் முன்னால் வளைகிறது. வளைந்ததும் மற்ற ஐந்து தந்திகளும் சேர்ந்து தளர்கின்றன. இது அந்தக் கிட்டாரின் குறையும் அல்ல, பொருத்தியவரின் தவறும் அல்ல. ஸ்பிரிங் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

அதே இழுப்பை ஸ்டாப்பாரில் செய்தபோது முள் ஏறக்குறைய நடுவிலேயே நின்றது. “அண்ணா, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை வாசியுங்கள்” என்றார் தம்பி. வாசித்தேன். ஒலித்துக்கொண்டிருந்த தந்தி அசையாமல் நிற்க, இழுத்த ஸ்வரம் அதன் மேல் வந்து ஒட்டிய அந்தக் கணத்திலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

2023 செப்டம்பர் 17, ஞாயிறு

இரவெல்லாம் யாழ் பொறித்த தகடு கண்ணிலேயே நின்றது. கிட்டார் கலைஞர் டெரெக் டிரக்ஸின் பெயரில் கிப்சன் வெளியிட்ட எஸ்ஜி நினைவுக்கு வந்தது. அதில் வைப்ரோலாவின் தகடு மட்டும் அழகுக்காக இருக்கிறது. தந்திகளைப் பிடித்திருப்பது ஸ்டாப்பார்தான். திறந்த தந்திகளே ஈ கார்டாக ஒலிக்கும் ஓப்பன் ஈ சுருதியில், தந்திகளின் மேல் குழாயைச் சறுக்கி ஸ்லைடு வாசிக்கும் அவருக்கும் அசையாத பின்முனைதான் தேவைப்பட்டிருக்கிறது. எனக்குத் தகடும் வேண்டாம். ஸ்டாப்பார் என்று உறுதி செய்து, கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

2023 செப்டம்பர் 24, ஞாயிறு

கிட்டார் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. இனி குமிழ்களின் முறை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு பிக்அப்புகளுக்கும் தனித்தனியே ஒரு வால்யூம், உச்ச ஒலிகளைக் குறைக்கும் ஒரு டோன் என நான்கு குமிழ்கள் இருக்கின்றன. இழுத்தால் சுவிட்ச்சாக வேலை செய்யும் புஷ்-புல் குமிழ் வைத்து, ஹம்பக்கர் எனப்படும் இந்த இரட்டைச் சுருள் பிக்அப்பை ஒற்றைச் சுருளாகப் பிரிக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். இதில் உள்ள பிக்அப்புகளிலிருந்து வருவது பின்னல் உறை போட்ட ஒற்றைக் கம்பி; சுருள்களைப் பிரிக்க வேண்டுமானால் பிக்அப்பையே மாற்ற வேண்டும். அந்த ஒலிக்காகத்தானே இதை வாங்கினேன் என்பதால் அந்த யோசனையை அத்துடன் விட்டுவிட்டேன்.

நான் தீர்மானிக்க வேண்டியது டோன் குமிழின் கம்பி எங்கே சேர வேண்டும் என்பதை மட்டும்தான். பிற்கால முறையில் அது வால்யூம் குமிழின் உள்வரும் முனையில், அதாவது பிக்அப் வந்து சேரும் இடத்தில் இணைகிறது. ஐம்பதுகளின் முறையில் நடுமுனையில், ஒலி வெளியேறும் இடத்தில் இணைகிறது. கம்பி ஒன்று இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் காதுக்குப் பெரிய வேறுபாடு. பிற்கால முறையில் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறைத்தால், சத்தத்தோடு சேர்ந்து உச்ச ஒலிகளும் மங்கி, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. ஐம்பதுகளின் முறையில் சத்தம் குறைகிறது, தெளிவு பெரும்பாலும் தங்குகிறது. இதற்கு விலையும் உண்டு: டோனைக் குறைத்தால் வால்யூமும் கொஞ்சம் இறங்கும், இரண்டு குமிழ்களும் ஒன்றையொன்று பாதிக்கும். நான் டோனை அடிக்கடி தொடுவதில்லை; ஆம்பை (ஒலிபெருக்கியை) ஒரே நிலையில் வைத்துவிட்டு வால்யூமால்தான் பாட்டை ஏற்றி இறக்குகிறேன் என்பதால் இந்த விலை எனக்குப் பாரமில்லை.

2023 செப்டம்பர் 30, சனி

பின்மூடியைக் கழற்றி, இரண்டு கம்பிகளையும் நடுமுனைக்கு மாற்றிச் சால்டர் செய்தேன். ஆம்பில் செருகியதும் பெரிய இரைச்சல் கேட்டது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் அடங்கவில்லை. பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் அடங்கியது. அரை மணி நேரம் புதிய இணைப்புகளையே சோதித்துக்கொண்டிருந்த பிறகுதான் தந்திகளுக்கு எர்த் போகவில்லை என்பது உறைத்தது. ஸ்டாப்பாரின் ஆணியிலிருந்து மரத்துக்குள் வந்து குமிழின் முதுகில் சேரும் மெல்லிய கம்பியை, வேலையின்போது நானே தெரியாமல் பிடுங்கியிருக்கிறேன். தந்திகள், பிரிட்ஜ், டெயில்பீஸ், என் விரல் எல்லாமே அந்த ஒற்றைக் கம்பி வழியாகத்தான் குமிழ்களோடு இணைந்திருந்தன. குமிழின் முதுகைச் சுரண்டிச் சூடேற்றி அதைத் திரும்ப ஒட்டியதும் அறை அமைதியானது.

2023 அக்டோபர் 1, ஞாயிறு

காலையில் ஆம்பைச் சற்றுக் கரகரக்கும் அளவுக்கு ஏற்றி, கழுத்துப் பிக்அப்பின் வால்யூமை ஐந்தில் வைத்தேன். கரகரப்பு விலகியது, மீட்டும் நகத்தின் ஓசை கூடத் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் தந்தியைத் திறந்து ஒலிக்கவிட்டு, மூன்றாம் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டில் மெல்ல இழுத்து, உச்சியில் நிறுத்தியபடியே சுண்டுவிரலால் குமிழை எட்டு வரை திருப்பினேன். திறந்த தந்தி விலகாமல் நின்றது; இழுத்த ஸ்வரம் மட்டும் மேலே மேலே வளர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து அம்மா, இன்னும் ஒரு தடவை வாசி என்றாள்.